பல்கலைக்கழகத்தில் சமவாய்ப்பு வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்துகிறேன். சில வருடங்களாகச் சமவாய்ப்பு மையத்தின் வேலையும் என் தலையில்தான். முதலாண்டு மாணவர்கள் வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று எடுப்பேன். முடிந்து வெளியே வந்தால் வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். கேள்வி பெரும்பாலும் போன வருடம் கேட்டதுதான். மாணவர்கள், பெற்றோர், அலுவலக ஊழியர்கள், சக ஆசிரியர்கள் என்று பலர் கேட்டதை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடம், டைம்டேபிள்ல "பன்முகத்தன்மையும் உள்ளடக்கமும்"னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

பெயரைக் குறை சொன்னால் நானும் உங்களோடு சேர்ந்துகொள்வேன். 'உள்ளடக்கம்' என்றதும் எனக்கும் பாடப்புத்தகத்தின் முதல் பக்கம்தான் ஞாபகம் வருகிறது. 'அரவணைப்பு' என்று மாற்றிவிடலாம் என்றார் ஒரு பேராசிரியர். யார், யாரை அரவணைப்பது என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

விஷயம் எளிதுதான். சேர்க்கை முடிந்து எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். வந்த பிறகும் யாராவது வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பது இந்த வகுப்பு. நல்ல பிள்ளையாக இருங்கள் என்ற உபதேசம் கிடையாது. எந்தப் படிவம், எந்தப் பழக்கம், எந்தக் கேள்வி ஒருவரை ஒதுக்கி வைக்கிறது, அதற்கு விதி என்ன சொல்கிறது, யாரிடம் போய்ச் சொல்லலாம், இவ்வளவுதான் பாடம். மனசு கெட்டவர்களால் நடக்கும் கெடுதலைவிட, யோசிக்காமல் செய்த வழக்கமான காரியங்களால் நடக்கும் கெடுதல்தான் என் மேஜைக்கு அதிகம் வருகிறது.

இதுக்கு மார்க் உண்டா?

இல்லை. வருகைப் பதிவு மட்டும் உண்டு.

இப்படி ஒரு மையம் வைக்கணும்னு சட்டம் இருக்கா, இல்ல நீங்களா நடத்துறீங்களா?

இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2012இல் கொண்டுவந்த சமத்துவ விதிகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். சாதி, மதம், மொழி, இனம், பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் பெயரால் யாரையும் தாழ்த்தக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. வகுப்பில் சாதிப் பெயரை அறிவிப்பது, 'ரிசர்வ்டு' என்று முத்திரை குத்துவது, சாதியைச் சொல்லி 'அதனால்தான் உனக்குப் படிப்பு வரவில்லை' என்பது, மெஸ்ஸில் தனி இடம் ஒதுக்குவது எல்லாம் அதில் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன. 2026 ஜனவரியில் இவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது.

நாங்க எல்லாரும் ஒண்ணாதான் பழகுறோம். சாதியெல்லாம் யாரும் பார்க்கிறதில்ல. அப்புறம் எதுக்கு இந்த வகுப்பு?

உங்கள் செட்டில் அப்படி இருக்கலாம், நம்புகிறேன். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம். 'இங்கே வந்த பிறகு உங்கள் சாதியைத் தெரிந்துகொள்ள யாராவது சுற்றி வளைத்துக் கேட்டார்களா? எப்படிக் கேட்டார்கள்?' இதுதான் கேள்வி. வரும் தாள்களை நான் சத்தமாகப் படிப்பேன். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா பேரு என்ன, குலதெய்வம் எது, வீட்டில் என்ன கறி எடுப்பீங்க, சொந்தக்காரங்க யாராவது அரசியல்ல இருக்காங்களா.

நாலைந்து தாள் படிப்பதற்குள் ஹாலில் இருக்கும் சிரிப்பு அடங்கிவிடும். இந்தக் கேள்விகளை எதிர்கொண்டவர்களுக்கு இவை புதிதில்லை. கேட்டவர்களுக்குத்தான், தாங்கள் கேட்டது என்ன என்று அப்போது உறைக்கும். வெற்றுத்தாள் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை. சாதி பார்ப்பதில்லை என்று அதிகம் சொல்வதும் அவர்கள்தான்.

இட ஒதுக்கீடுதான் இருக்கே, அது போதாதா?

இட ஒதுக்கீடு உள்ளே வரும் வழி. உள்ளே வந்த பிறகு நடப்பதற்கு அது பொறுப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப்பேருக்கு நம் மாநிலக் கணக்கே சரியாகத் தெரிவதில்லை என்பதால் அதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மொத்தம் 69 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. அந்த 18க்குள் 3 அருந்ததியருக்கு. உச்ச நீதிமன்றம் 1992இல் 50க்கு மேல் போகக் கூடாது என்று சொன்ன பிறகு, தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டு, நீதிமன்றத்தில் எளிதில் ரத்தாகாதபடி 1994இல் அதை அரசியல் சாசனத்தின் 9ஆவது அட்டவணையில் சேர்க்க வைத்தது.

மீதி 31 'முன்னேறிய சாதிகளுக்கு' என்று நினைக்கிறார்கள். தப்பு. அது பொதுப்போட்டி. யார் வேண்டுமானாலும் மதிப்பெண்ணை வைத்து அதில் வரலாம், எல்லாப் பிரிவிலிருந்தும் வருகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வகுப்பறைகளில் பெரும்பான்மையோர் ஏதோ ஒரு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருப்பவர்கள்தான். 'கோட்டா' என்று கிண்டல் செய்த ஒரு மாணவனின் சேர்க்கைக் கோப்பைப் பார்த்திருக்கிறேன். அவன் வந்ததும் கோட்டாவில்தான். பட்டியலில் கீழே இருப்பவருக்குக் கிடைத்தால் அது கோட்டா, தனக்குக் கிடைத்தால் அது மார்க்.

"உன் கட் ஆஃப் என்ன?"ன்னு கேட்டா என்ன தப்பு? சும்மா ஒரு பேச்சுக்குத்தானே?

சில சமயம் சும்மாதான். ஆனால் பொறியியல் மாணவர்களிடையே இது வேறு கேள்வியின் மறுவேஷம். கலந்தாய்வில் ஒரே கல்லூரி, ஒரே பாடத்துக்குப் பிரிவுக்குப் பிரிவு கட் ஆஃப் வேறு. எண்ணைச் சொன்னால் பிரிவைக் கணக்குப் போட்டுவிடலாம். துண்டுத்தாள்களில் தெருவுக்கு அடுத்து அதிகம் வருவது இதுதான்.

கணக்கு பல நேரம் தப்பாகவும் போகும், பொதுப்போட்டியில் வந்தவர்கள் எல்லாப் பிரிவிலும் இருப்பதால். விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உண்டு. நண்பராக ஆன பிறகு அவர்களே சொன்னால் சரி. முதல் வாரம் விடுதி அறையில் இது முதல் கேள்வியாக வேண்டாம்.

சேர்க்கைக்கு சாதிச் சான்றிதழ் கேட்கிறது நீங்கதான். அப்புறம் வகுப்புல சாதி கேட்காதேன்னா எப்படி?

ரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் காட்டுகிறோம். அதற்காக அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சம்மதித்ததாக ஆகுமா? சான்றிதழ் ஓர் உரிமையைக் கணக்கிட அலுவலகம் கேட்கும் தாள். கோப்பில் இருக்கும் விவரம் பக்கத்து பெஞ்சுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

சரி மேடம். அப்போ ஸ்காலர்ஷிப் லிஸ்டை நாங்க எப்படித்தான் கூப்பிடுறது?

கேட்டது அலுவலக ஊழியர் ஒருவர். நியாயமான கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு கல்லூரியில், அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வகுப்பு நடுவே படித்தேன். 'எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் எழுந்திருங்க, பேர் குறிச்சுக்கிறேன்' என்றேன். சிலர் எழுந்தார்கள். ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் என் அறை வாசலில் படிவத்தோடு நின்றாள். ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை, கையெழுத்து மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து அந்த வகுப்பில் மதியச் சாப்பாட்டு வட்டம் எப்படி மாறியது என்று பார்த்தபோதுதான் நான் செய்தது புரிந்தது. மேலே சொன்ன விதிகளை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

இப்போது நாங்கள் செய்வது இது. வகுப்பில் பொதுவாக, 'எந்த உதவித்தொகைக்கும் தகுதி உள்ள எல்லோரும் நாலு மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள்' என்று மட்டும் அறிவிப்போம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பி.சி., எம்.பி.சி. உதவித்தொகை, முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் என்று எல்லாம் ஒரே கவுண்டரில் இருப்பதால் கிட்டத்தட்ட மொத்த வகுப்பும் கிளம்பிப் போகும். யார் எதற்குப் போகிறார் என்று தெரியாது. விடுபட்டவர்களுக்குத் தனியே குறுஞ்செய்தி. பட்டியல் ஒட்டியே ஆக வேண்டுமென்றால் பதிவு எண் மட்டும் போடலாம். அலுவலகத்துக்கு இதில் கூடுதல் வேலை எதுவும் இல்லை, கேட்டுப் பாருங்கள்.

கையில கயிறு கட்டக் கூடாதாமே? இது சாமி கயிறு மேடம்.

கோயிலில் கட்டிய கயிறாக இருந்தால் யாரும் அவிழ்க்கச் சொல்லப் போவதில்லை. நிறத்தை வைத்து இன்ன சாதி என்று ஆளைப் பிரிக்கும் கயிறுதான் பிரச்சினை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்றது. அது பள்ளிகளுக்கான பரிந்துரை. ஆனால் பள்ளியில் கட்டிய கயிறு பல்கலைக்கழகத்துக்கு வரும்போது தானாகக் கழன்று விழுவதில்லை. உங்கள் கயிறு எது என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் வகுப்புக்கும் தெரியும்.

எனக்கு இங்கிலீஷ் வராது. செமினார் எடுக்கச் சொன்னா வயிறு கலங்குது. இதுவும் இந்த வகுப்புல வருமா?

வரும். என்னிடம் தனியாக வந்து பேசுபவர்களில் இதைச் சொல்பவர்கள்தான் அதிகம். தமிழ்வழியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்பது மட்டும் சிக்கல் இல்லை. 'இன்டர்னல்', 'கிரெடிட்', 'அரியர்' என்று எல்லோரும் பேசுகிறார்கள், அர்த்தம் கேட்டால் அசிங்கமாகிவிடுமோ என்று பேசாமல் இருக்கிறார். ஒரு செமஸ்டர் அப்படியே ஓடிவிடும்.

ஆங்கிலவழிப் பாடமாக இருந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத விடுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் துறையில் என்ன நடைமுறை என்று ஹெச்.ஓ.டி.யிடம் எழுத்தில் கேளுங்கள். செமினாரைத் தமிழில் தொடங்கி, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நான் விடுவேன். விடாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஸ்க்ரைப் வேற, எக்ஸ்ட்ரா டைம் வேற. கஷ்டப்பட்டுப் படிக்கிற எங்களுக்கு இது அநியாயம் இல்லையா?

மாற்றுத்திறன் கொண்ட மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்தான் ஸ்க்ரைப். மூன்று மணி நேரத் தேர்வில் உட்கார்ந்து, விடையை வாயால் சொல்லி, இன்னொருவர் எழுதுவதைக் காத்திருந்து கேட்டு, 'இல்லை, அந்த வரியை அடித்துவிடுங்கள்' என்று திருத்திப் பாருங்கள். வகுப்பில் பத்து நிமிடம் இதைச் செய்ய வைப்பேன். பாதிப்பேர் முதல் கேள்வியைத் தாண்ட மாட்டார்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பது அந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பழைய 1995 சட்டத்தில் 7தான். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் தர வேண்டும். அதற்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு உண்டு. ஆனால் ஸ்க்ரைப் கேட்க அந்த வரம்பு தேவையில்லை. விகாஷ் குமார் என்ற மருத்துவப் பட்டதாரிக்குப் பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு. குடிமைப் பணித் தேர்வில் அவருக்கு ஸ்க்ரைப் மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதைத் தெரியாத தேர்வு அலுவலர்கள் இன்னும் 'சர்டிஃபிகேட்ல 40 போடலையே' என்கிறார்கள்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். நான் எடுத்த முதல் சமவாய்ப்பு வகுப்பு மாடியில் உள்ள கருத்தரங்கக் கூடத்தில். லிஃப்ட் கிடையாது. ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு மாணவர் இரண்டு மணி நேரமும் கீழே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்து இறங்கி வந்த பிறகுதான் பார்த்தேன். 'மைக் சத்தம் நல்லாக் கேட்டுச்சு மேடம்' என்றார். இப்போது தரைத்தளத்தில் நடக்கிறது. சாய்தளமும் போட்டார்கள், ஆனால் தூக்கிவிட்டதுபோல் செங்குத்தாக. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கட்டடக்காரர்களுக்குத் தெரியாத கணக்கில்லை.

எங்க கிளாஸ்ல ஒருத்தர் திருநங்கை. எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல. தப்பாச் சொல்லிடுவோமோன்னு பேசாமலே இருக்கேன்.

பேசாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. எந்தப் பெயரில் கூப்பிட என்று கேளுங்கள், முடிந்தது. சந்தேகமாக இருந்தால் தமிழிலேயே 'அவர்' என்று ஒரு சொல் கையில் இருக்கிறதே, ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை, மரியாதையும் குறைவதில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவேட்டில் பழைய பெயர் இருந்தாலும் வருகை எடுக்கும்போது அவர் சொன்ன பெயரையே கூப்பிடலாம், எந்த விதியும் தடுக்கவில்லை.

இன்னொன்று, எண் ஒன்பது. வருகைப் பதிவில் ஒன்பதாம் எண் வந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். பள்ளியிலிருந்து தொடரும் அசிங்கம். அந்த எண்ணில் இருக்கும் பையனும் நெளிவான், யாரை வைத்து அந்தச் சிரிப்போ அவரும் அதே அறையில் இருப்பார். ஆசிரியர் காதில் விழாதது போல அடுத்த எண்ணுக்குப் போய்விடக் கூடாது. இந்தியாவிலேயே முதலில் 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. தன் பாலினம் எது என்று சொல்வது அவரவர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் தீர்ப்பளித்தது. இரண்டும் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன, ஒன்பதுக்குச் சிரிப்பது நிற்கவில்லை.

லேடீஸ் ஹாஸ்டல் மட்டும் ஆறரைக்குப் பூட்டுறாங்க. பசங்க பத்து மணிக்கு டீக்கடையில நிக்கிறாங்க. கேட்டா "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா"ங்கிறாங்க.

இதற்கு நேரான பதில் எழுத்தில் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றி யுஜிசி 2015இல் கொண்டுவந்த விதிகளில், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிக்கு மாணவர் விடுதியில் இல்லாத கட்டுப்பாடுகளைப் போடக் கூடாது என்று இருக்கிறது. அதே ஆண்டு டெல்லியில் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை என்ற பெயரில் மாணவிகள் கிளம்பியதும் இந்தப் பூட்டை எதிர்த்துத்தான்.

எங்கள் கதை இன்னும் பாதி வழியில் நிற்கிறது. நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்க, மாணவிகளுக்கு மட்டும் அது ஆறரையோடு மூடுகிறது என்று எழுதிக் கொடுத்தோம். உரிமை என்று கேட்டபோது அசையாத நிர்வாகம், நூலக நுழைவுப் பதிவேட்டின் நகலை இணைத்ததும் எட்டரை வரை ஒத்துக்கொண்டது. பையன்களுக்கு இன்னும் பத்துதான். அடுத்த மனு தயாராகிறது.

"வடக்கன்"னு சொல்றது ஒரு ஜாலிக்குத்தானே? அவங்களே சிரிக்கிறாங்க.

டெல்லிக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகளை 'மதராசி' என்று கூப்பிட்டபோது அவர்களும் சிரித்திருப்பார்கள். மொழி தெரியாத ஊரில், மெஸ்ஸில் கூட்டு என்றால் என்ன என்று கேட்கவே தயங்குகிறவருக்குச் சிரிப்பதைத் தவிர என்ன வழி இருக்கிறது? அருணாச்சலத்திலிருந்து வந்த மாணவர் நிடோ தானியா 2014 ஜனவரியில் டெல்லிக் கடைத்தெருவில் அடிபட்டு இறந்தார். அது தொடங்கியது அவர் தோற்றத்தை வைத்துச் செய்த கிண்டலில்.

யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிகளில் 2016இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். சாதி, மதம், நிறம், பாலினம் மட்டுமல்ல, தோற்றம், பிறந்த ஊர், மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்து உடலையோ மனதையோ துன்புறுத்துவதும் ராகிங்தான். அதனால் 'ஜாலிக்குத்தான்' என்பது ராகிங் தடுப்புக் குழுவின் முன்னால் செல்லாது.

படிக்க அனுப்பின பிள்ளைக்கு, காதல் கல்யாணம் பண்ணச் சொல்லித் தர்றீங்களாமே?

ஒரு தந்தை தொலைபேசியில் கேட்டது. இல்லை ஐயா. காதலுக்கும் கல்யாணத்துக்கும் இந்த வகுப்பில் பாடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி 2015 ஜூனில் தன்னோடு கல்லூரியில் படித்த, வேறு சாதிப் பெண்ணிடம் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார், பிறகு தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உடன் படித்தவரோடு பேசியதற்கு ஓர் உயிர். இதைச் சொல்லாமல் எப்படி வகுப்பெடுப்பது?

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், மகளுக்கு விடுதியில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நான் எஃப்.சி. இந்த வகுப்புல என்னைக் குற்றவாளி மாதிரி உட்கார வைக்கிறீங்க.

அப்படித் தோன்றியிருந்தால் அன்று நான் வகுப்பைச் சரியாக எடுக்கவில்லை. உங்கள் தாத்தா செய்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நேற்று வாட்ஸ்அப் குழுவில் வந்த மீமுக்கு நீங்கள் போட்ட சிரிப்பு எமோஜி உங்களுடையது, அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அது எந்தச் சாதிக்காரருக்கும் பொருந்தும். மேலே இட ஒதுக்கீட்டுப் பதிலில் சொன்ன மாணவன் எஃப்.சி. இல்லை.

அதோடு, இந்த வகுப்பு உங்களுக்கும்தான். பூணூலை வைத்து உங்களைக் கிண்டல் செய்தால் நீங்களும் இதே மையத்துக்கு வரலாம். ஒருவர் வந்தார், புகார் எடுத்தோம்.

ஒரு நாள் ரெண்டு மணி நேரம் பேசினா யாராவது மாறிடுவாங்களா மேடம்? உண்மையைச் சொல்லுங்க.

பேச்சால் மட்டும் பெரிதாக மாற மாட்டார்கள். என் பாடத்திலேயே இதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் லீக் நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதி, சிலவற்றில் கலப்பு, எல்லாம் குலுக்கல் முறையில். 2021இல் வெளியான முடிவு இது. ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக ஆடியவர்களிடையே அது குறைந்தது. சேர்ந்து இருப்பது மட்டும் போதாது, ஒரே பக்கம் நின்று ஆட வேண்டும். இன்னொன்று, டெல்லித் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த பிறகு கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்தது. ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான பிள்ளைகள், தொடர் ஓட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்குவது குறைந்தது.

இதைப் படித்த பிறகு எங்கள் துறையில் செய்த ஒரே மாற்றம்: புராஜெக்ட் குழுவை இனி மாணவர்களே சேர்த்துக்கொள்ள முடியாது. சீட்டுக் குலுக்கல்தான், குழுவுக்கு ஒரே மதிப்பெண். முன்பெல்லாம் குழுப் பட்டியலைப் பார்த்தாலே ஊர் வரைபடம் தெரியும். முதல் வருடம் முணுமுணுப்பு அதிகம். நாலு பேர் கொண்ட ஒரு குழுவில் மூன்று பேர் சேர்ந்து நாலாமவரிடம் மொத்த டைப்பிங்கையும் தள்ளிவிட்டதும் நடந்தது. அதனால் இப்போது யார் எந்தப் பகுதி செய்தார் என்று வாய்மொழித் தேர்வில் தனித்தனியே கேட்கிறோம்.

புகார் கொடுத்தா இன்டர்னல்ல கை வெச்சுடுவாங்க. கொடுக்காம இருக்கிறதுதானே புத்திசாலித்தனம்?

இந்தப் பயத்தைச் சும்மா என்று நான் சொல்ல மாட்டேன். நடந்திருக்கிறது. முதல் வேலை, புகாருக்கு முன்னாலேயே, எழுதி வைப்பது. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், அதில் தேதி பதிந்துவிடும். அதுவரை வந்த உங்கள் இன்டர்னல் மார்க்குகளையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு திடீரென்று விழுந்தால் அதுவே சாட்சி.

எந்தப் புகார் எங்கே என்பது அடுத்தது. சாதி, மொழி, மாற்றுத்திறன் போன்றவற்றுக்குப் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர், 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளகப் புகார்க் குழு, நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். ஆண்களும் திருநர்களும்கூடக் கொடுக்கலாம். விசாரணை நடக்கும்போது, புகார் சொல்லப்பட்டவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தாமல் தடுக்க, விடுதிப் பதிலில் சொன்ன 2015 விதிகளிலேயே இடமுண்டு. மனுவிலேயே அதைக் கேளுங்கள், கேட்காவிட்டால் தானாகச் செய்ய மாட்டார்கள். ராகிங் என்றால் 1800-180-5522, எந்த நேரமும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் மற்றவர்கள் முன்னிலையில் சாதி சொல்லித் திட்டினால் அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம், பல்கலைக்கழகத்தைக் கேட்காமலே காவல் நிலையம் போகலாம்.

கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சிலர் என் அறையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வேண்டாம் மேடம் என்று எழுந்து போயிருக்கிறார்கள். நான் பின்னாலேயே போய் வற்புறுத்தியதில்லை.

சமவாய்ப்பு மையத்துக்கு எப்பவும் எஸ்.சி. ஆசிரியர், பெண் ஆசிரியர்னே போடுறாங்களே, ஏன்?

ஒரு சக ஆசிரியர் கேட்டது, என்னையும் சேர்த்து. 'உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கும்' என்பது நிர்வாகத்தின் பதில். ஆக, ஒதுக்கப்பட்டவரே ஒதுக்கலைச் சரிசெய்யும் வேலையையும் சம்பளமில்லாமல் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் மற்றவர் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்கிவிடுவார். இந்தப் பொறுப்புக்கு வாரம் நாலு மணி நேரப் பாடச்சுமை குறைக்க வேண்டும், துறைகளுக்குள் சுழற்சியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுழற்சிக்குச் சரி என்றார்கள். என் பெயருக்கு அடுத்து இரண்டு வருடமாக யாரும் வரவில்லை.

மேடம், தப்பா நினைக்காதீங்க... நீங்க என்ன ஆளுங்க?

ஒவ்வொரு வருடமும் வரும். கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் போன பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாதி திரும்பி நின்றபடி கேட்பார்கள். கேட்பவர் எப்போதும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. 'நம்ம ஆளா இருந்தா மனசு விட்டுப் பேசலாமே' என்ற எதிர்பார்ப்பும் அதில் இருக்கும். அதனால் கோபம் வருவதில்லை.

ஒரே ஒரு வருடம் பதில் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து, அதுவரை என் அறைப் பக்கமே வராத சிலர் வரத் தொடங்கினார்கள், உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அதுவரை வந்துகொண்டிருந்த இருவர் வருவதை நிறுத்தினார்கள். அதில் ஒருவரின் புகார் அப்போது பாதி எழுதிய நிலையில் என் மேஜையில் இருந்தது. அதற்குப் பிறகு நான் சொல்வதில்லை.